சக்கரம் போகும் வழி

விவேக் நகர்,
பெங்களூரு.

அன்புள்ள நவீன்,

உன் கடிதமும் கூடவே வைத்திருந்த படங்களும் வந்து சேர்ந்தன. ஸ்பிட்ஃபயரின் பின்சக்கரங்களுக்கு மேலே அகலமான ஃபைபர் ஆர்ச் வைத்து, ஏழு அங்குல ரிம் போட வேண்டும், சித்தப்பா மோல்டு எடுத்துத் தருவீர்களா என்று கேட்டிருக்கிறாய். தருகிறேன். ஆனால் நீ கேட்கும் வேலையில் ஃபைபர் என்பது கடைசிக் கால்வாசிதான். முன்னால் இருக்கும் முக்கால்வாசி இரும்பிலும் அளவுகோலிலும் நடக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கிரைண்டரைக் கையில் எடுத்தவர்களின் கார்கள் என் பட்டறைக்கு நிறைய வந்திருக்கின்றன. ஆர்ச் அழகாக இருக்கும். உள்ளே கை விட்டால் துருப்பிடித்த தகடு உதிரும். உன் காருக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் போனில் பேசி முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உன் கார் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள். ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1962-ல் வெளிவந்தது. வடிவம் கொடுத்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. அதன் அடித்தளம் அவரே வரைந்த ஹெரால்டின் சேசிஸிலிருந்து பிறந்தது. அந்த ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று தயாரித்து விற்றது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஃபியட்களோடு ஹெரால்டுகளும் ஓடின. ஆகவே உன் கார் சீமையிலிருந்து வந்திருந்தாலும், அதன் பின் அச்சின் குணம் நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானது. அந்தக் குணம்தான் நீ வெட்டப்போகும் ஆர்ச்சின் அளவைத் தீர்மானிக்கிறது.

ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனி அரைத் தண்டில் நிற்கிறது. தண்டின் உள்முனை டிஃபரன்ஷியல் பக்கத்து யூனிவர்சல் ஜாயின்டில் மடங்கும். வெளிமுனையில் ஹப் இறுக்கமாகப் பொருந்தியிருக்கும். அதனால் சக்கரம் நேராக மேலும் கீழும் போவதில்லை. வில் போல ஒரு வளைவில் போகிறது. மேடு ஏறிச் சக்கரம் மேலே தள்ளப்படும்போது டயரின் தலை உள்பக்கமாகச் சாய்கிறது. சக்கரம் கீழே தொங்கும்போது தலை வெளிப்பக்கமாக விரிகிறது. காரை ஜாக்கியில் தூக்கிப் பார்த்தால் பின்சக்கரங்கள் இரண்டும் அடியில் கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்பதை நீயே பார்த்திருப்பாய். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பி, வெளிச்சக்கரம் இப்படி ஒடுங்கிக் காரையே சுழற்றிவிடும். சென்னைக் கம்பெனி 1972-ல் கெஸல் என்று புது வடிவம் கொண்டுவந்தபோது இந்த அச்சை விட்டுவிட்டு ஒரே கட்டையான அச்சுக்குப் போனது. இங்கிலாந்தில் 1970-ல் வந்த மார்க் 4 ஸ்பிட்ஃபயரில் லீஃப் ஸ்பிரிங்கின் பெரும்பாலான இலைகளை நடுவில் ஆட விட்டு இந்தக் குணத்தை அடக்கினார்கள். உன்னுடையது மார்க் 3. பழைய அச்சு அப்படியே இருக்கிறது.

இதிலிருந்து உனக்கு என்ன தெரிய வேண்டும்? கட்டை அச்சுள்ள காரில் சக்கரத்தை முழுக்க மேலே தூக்கி, அங்கே இடிக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். உன் காரில் அது ஏமாற்றும். முழுக்க மேலே போனபோது டயரின் தோள் உள்ளே சாய்ந்து ஆர்ச் உதட்டை விட்டு விலகியிருக்கும். இடிப்பது கீழேயிருந்து மேலே வரும் வழியில், டயரின் தோள் வெளியே விரிந்தபடி உதட்டைக் கடக்கும் அந்த ஓரிரு அங்குலத்தில். மேலே போனபின் ஆபத்து மறுபக்கம்: டயரின் உள்சுவர் உள் ஆர்ச்சை உரசலாம். வெளியே மட்டும் பார்த்து ஆர்ச் செய்தவர்கள் இந்த உள் உரசலைக் கண்டுபிடிப்பது டயர் கிழிந்தபிறகு.

ஆகவே அளவு எடுப்பது இப்படி. காரைச் சமதளத்தில் நிறுத்தி, சேசிஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டுகள் வை. செங்கல், மரக்கட்டை எதுவும் வேண்டாம். டாம்பரைக் கழற்று. லீஃப் ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளையும் அவற்றின் போல்ட்டிலிருந்து விடுவி. பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள். நீ உண்மையில் போடப்போகும் ரிம்மையும் டயரையும் மாட்டி, காற்றும் அளவாக அடித்து, ஹப்புக்கு அடியில் ஜாக்கி வைத்துக் கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லைவரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. ஒவ்வொரு 10 மில்லிமீட்டருக்கும் நிறுத்தி, வெளி உதட்டுக்கு எவ்வளவு இடைவெளி, உள் சுவருக்கு எவ்வளவு என்று எழுது. இரண்டு பக்கமும் தனித்தனியாக எடு. கையால் தட்டிப் பொருத்திய அந்தக் காலத்துக் கார்களில் இடமும் வலமும் ஒன்றாக இருந்ததில்லை, சில மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரணம். டயர் வளைவில் நெளியும் என்பதையும் சேர்த்து, எந்த இடத்திலும் 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விடு.

இந்த அளவை எடுத்தபின், ஏழு அங்குல ரிம் உனக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று கேட்டுக்கொள். ஆரம்பகால ஸ்பிட்ஃபயர்கள் மூன்றரை அங்குல ரிம்மோடு வந்தவை. ஐந்தரை அங்குல ரிம்மில் 175/70 டயர் போட்டால், ரிம்மின் ஆஃப்செட் சரியாக இருக்கும் பட்சத்தில், பொதுவாக ஆர்ச்சை வெட்டாமலே அடங்கிவிடும். உதட்டை உள்பக்கமாகக் கொஞ்சம் மடித்துவிடலாம். அந்த எடைக் காருக்கு அதுவே தாராளம் என்பது என் கருத்து. அகல ரிம்மை வெளியே தள்ளி மாட்டினால் பாரம் வீல் பேரிங்கை விட்டு வெளியே போகிறது. சின்ன ட்ரையம்ப்களில் அரைத் தண்டு வெளிமுனையில் முறிந்து சக்கரம் கழன்று ஓடிய கதைகள் உலகம் முழுக்க உண்டு. அகலச் சக்கரமும் ஒட்டும் டயரும் அந்தத் தண்டின் பாரத்தைக் கூட்டும். ஆர்ச்சுக்குச் செலவழிக்கும் முன் தண்டுகளைக் கழற்றி விரிசல் சோதனை செய், பேரிங்கை மாற்று. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஆர்ச்சை விட்டுவிடு, தண்டை மாற்று.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதிகள் 50 ஆண்டைத் தாண்டிய கார்களுக்குத் தனிப் பதிவு தருகின்றன, ஆனால் சேசிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருந்தால்தான். உன் கார் அந்த வயதைக் கடந்துவிட்டது. ஆர்ச்சை வெட்டினால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். கோயம்புத்தூர் கரி டிராக்கிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் மட்டும் ஓட்டுவேன், டிரெய்லரில் ஏற்றிப் போவேன் என்று நீ எழுதியிருப்பதை நம்பித்தான் மேலே சொல்கிறேன். ரோட்டில் ஓட்டும் எண்ணம் துளி இருந்தாலும் இந்தக் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்துவிடு.

சரி, வெட்டுவது என்றே வைத்துக்கொள்வோம். பெட்ரோல் டாங்க் உன் காரில் சீட்டுக்குப் பின்னால், இரண்டு பின் ஆர்ச்சுகளுக்கும் நடுவில் இருக்கிறது. கிரைண்டரின் பொறி போய் விழுகிற இடம் அது. டாங்கைக் காலி செய்தால் போதாது. கழற்றி பட்டறைக்கு வெளியே கொண்டுபோய் வை. காலி டாங்கில் மிஞ்சும் ஆவிதான் வெடிக்கும். பேட்டரி இணைப்பையும் எடு. கார்ப்பெட், சீட், வயர் எல்லாம் வெளியே.

பின் ஆர்ச் ஒற்றைத் தகடு அல்ல. வெளியே தெரியும் மட்கார்டு ஒன்று, சக்கரத்தைக் கூரைபோல மூடும் உள் ஆர்ச் இன்னொன்று. இரண்டும் உதட்டில் சேர்ந்து ஸ்பாட் வெல்டிங்கில் பிடித்திருக்கின்றன. உதட்டை வெட்டியதும் இரண்டு தகடும் பிரிந்து நடுவே வாய் திறக்கும். அந்த வாயை அப்படியே விட்டு மேலே ஃபைபரை ஒட்டினால் சக்கரம் அடிக்கும் சேறும் தண்ணீரும் நேரே பாடிக்குள் போகும். இரண்டு பருவமழை போதும். அதோடு, அந்த உதடுதான் பின்பக்கப் பாடிக்கு விறைப்பு கொடுத்துக்கொண்டிருந்தது. ஸ்பிட்ஃபயரில் இது இன்னும் முக்கியம். ஹெரால்டின் சேசிஸில் பக்கவாட்டுச் சட்டங்கள் உண்டு. ஸ்பிட்ஃபயரில் அவை இல்லை, கதவுக்குக் கீழேயுள்ள சில் பெட்டிகள்தான் அந்தப் பாரத்தைச் சுமக்கின்றன. பின் அச்சை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்மும் சேசிஸில் இல்லை, பாடியில் மாட்டியிருக்கிறது. ஆகவே ஆர்ச்சின் முன் கீழ் மூலை, அதாவது சில் வந்து முடியும் இடம், நீ தொடக்கூடாத இடம். உன் வெட்டு அங்கே வரும்போது பழைய கோட்டிலேயே இறங்கிவிட வேண்டும். ஆர்ச்சின் அகலம் முழுவதும் மேல் பாதியிலும் பின்பக்கத்திலும் இருக்கட்டும்.

முதலில் வெளித் தகட்டை மட்டும், கடைசிக் கோட்டுக்கு 25 மில்லிமீட்டர் குறைவாகவே வெட்டு. பின் உள் ஆர்ச்சில் 25 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டாகக் கீறல்கள் போட்டு, அந்தத் துண்டுகளை வெளிப்பக்கமாக மடித்து வெளித் தகட்டோடு சேர். எட்டாத இடத்தில் அதே கனத்தில் தகட்டுப் பட்டை வெட்டி வை. வெல்டிங்கைப் பொட்டுப் பொட்டாக, ஓர் இடத்தில் ஒன்று வைத்துவிட்டு அடுத்ததை வேறு மூலையில் வை. ஒரே மூச்சில் இழுத்தால் மட்கார்டு நெளிந்துவிடும், பின்னால் டிங்கரிங் வேலை இரட்டிப்பாகும். இரண்டு தகடும் முழுச் சுற்றும் சேர்ந்தபின் சீம் சீலர், துத்தநாக பிரைமர், உள் குழிக்குள் மெழுகு. இவ்வளவும் முடிந்து, ஃபைபர் இல்லாமலே மழையில் நிறுத்தக்கூடிய நிலைக்குக் கார் வந்தபிறகுதான் என் வேலை தொடங்குகிறது.

ஃபைபரைப் பற்றி நம் ஊரில் இருக்கும் இளப்பம் எனக்குப் பிடிப்பதில்லை. 'வெறும் ஃபைபர்' என்கிறார்கள். அமெரிக்காவில் 1953-ல் முதல் கார்வெட் 300 வண்டிகளும் ஃபைபர் பாடியோடுதான் வந்தன. உன் ஸ்பிட்ஃபயரின் அண்ணன்மார் 1965-ல் லெ மான் 24 மணி நேரப் போட்டியில் தங்கள் பிரிவை வென்றபோது தலைக்கு மேலே இருந்தது சரிந்த ஃபைபர் கூரை. பெங்களூருக்கோ இதில் சொந்தக் கணக்கே இருக்கிறது. 1970-களில் இங்கே சன்ரைஸ் கம்பெனி பாதல் என்ற மூன்று சக்கரக் காரை ஃபைபர் பாடியில் செய்தது. அதன் வழியில் வந்த சிப்பானி, இங்கிலாந்தின் ரிலயன்ட் கிட்டனை எடுத்து 1982-ல் டால்ஃபின் என்று கொண்டுவந்தது. 848 சிசி எஞ்சின்தான், ஆனால் பாடி இலேசு என்பதால் ராலி ஓட்டுபவர்கள் அதை விரும்பி எடுத்தார்கள். 1990-களின் இறுதியில் சான் மோட்டார்ஸ் ஸ்டார்ம் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது, அதுவும் ஃபைபர் பாடி, ரெனோ எஞ்சின். விற்பனை பெரிதாக ஆகவில்லை. ஆனால் ஒரு முழுக் காரின் உடம்பை மோல்டிலிருந்து எடுக்கும் வித்தை இந்த ஊரில் இருந்தது என்பதற்கு அவை சாட்சி.

மோல்டுக்கு முன் வடிவம் காரின் மேலேயே செய்ய வேண்டும். தெர்மோகோல் மலிவு என்று வாங்கிவிடாதே. பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும். பி.யூ. ஃபோம் வாங்கி, செதுக்கி, பட்டி போட்டு, தேய்த்து மழமழப்பாக்கு. நீ எடுத்த அளவுத் தாள் இப்போதுதான் வேலைக்கு வருகிறது. வெளியிலிருந்து அழகு பார்த்துச் செதுக்காதே. டயரின் தோள் அதிகம் வெளியே வரும் புள்ளியிலிருந்து தொடங்கி, அந்த இடைவெளியை விட்டு, அங்கிருந்து கதவுப் பக்கமும் விளக்குப் பக்கமும் கோட்டை இறக்கு. உடம்பில் படியும் விளிம்பு 25 மில்லிமீட்டர் அகலமாவது இருக்கட்டும். சக்கரப் பக்கத்து உதட்டை உள்ளே திருப்பி மடக்கு. அந்த மடிப்புதான் ஆர்ச்சுக்கு விறைப்பு தரும். மடிப்பில்லாத ஆர்ச் வேகத்தில் படபடவென்று ஆடும்.

அதன்மேல் மெழுகு பல கோட்டு, பின் ஒட்டாமல் பிரிவதற்கு பி.வி.ஏ. படலம், பின் மோல்டு. மோல்டு, அதில் எடுக்கப்போகும் ஆர்ச்சைப்போல் இரண்டு மடங்காவது கனமாக இருக்க வேண்டும். ஆர்ச்சுக்கு முதலில் ஜெல்கோட், சுமார் அரை மில்லிமீட்டர். அது விரலில் ஒட்டும், ஆனால் கையோடு வராது என்ற பதத்துக்கு வந்ததும் கண்ணாடி இழை மேட். 450 கிராம் மேட் ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். மூன்று அடுக்கு போதும், போல்ட் வரும் விளிம்பில் மட்டும் நான்கு. எடைக்கு எடை, மேட்டைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின். அதற்குமேல் ஊற்றினால் கனம் கூடும், பலம் கூடாது, சீக்கிரம் விரிசல் விடும். ரோலரால் காற்றை முழுக்க வெளியேற்று. மடிப்பின் உள்மூலையில்தான் காற்று ஒளிந்துகொள்ளும். ரெசின் தோல்போல இறுகிய பதத்தில் கத்தியால் ஓரத்தை வெட்டிவிட்டால், பின்னால் கிரைண்டர் போட்டுக் கண்ணாடித் தூளை மூச்சில் இழுக்கும் வேலை மிச்சம்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். ரெசினை வேகப்படுத்தும் கோபால்ட்டும், இறுக வைக்கும் கேட்டலிஸ்டும் இரண்டு தனித்தனி பாட்டில்கள். அவை இரண்டும் நேரடியாக ஒன்று சேர்ந்தால் தீயாகும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கி முடித்தபின்தான் கேட்டலிஸ்ட், அதுவும் ஒன்று முதல் இரண்டு சதவீதம். ஒரே அலமாரியில் இரண்டையும் வைக்காதே. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், ஆகவே கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதே. ஆவிக்குக் கார்பன் வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும், துணி மாஸ்க் ஸ்டைரீனைத் தடுக்காது. வியாழக்கிழமைகளில் நான் ரெசினே கலப்பதில்லை. குழந்தை இயேசு ஆலயத்து நொவேனாவுக்கு வரும் கூட்டம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும், அந்த நெடியைக் கைக்குழந்தையோடு வருபவர்கள் சுவாசிக்க வேண்டாம். டிசம்பர் காலைக் குளிரிலும் வேலை இல்லை, ரெசின் சரியாக இறுகாமல் பிசுபிசுத்தே நிற்கும். பத்து மணிக்கு மேல் வெயில் வரட்டும்.

இனி பொருத்துவது. எந்தப் பாடி ஷாப்புக்குப் போனாலும் ஆர்ச்சை ஒட்டி, இணைப்பைப் பட்டி போட்டு மறைத்து, ஒரே உடம்புபோல் காட்டுகிறேன் என்பார்கள். பெயின்ட் அடித்த அன்று பிரமாதமாக இருக்கும். சூடேறினால் ஃபைபர் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அடர்நிறக் கார் ஏப்ரல் வெயிலில் நின்று, இரவு குளிர்ந்து, மறுநாள் மறுபடி சூடேறும். பட்டி அதோடு நீளாது. இணைப்பு நெடுக முடிபோல ஒரு விரிசல் ஓடும், அதன்வழி தண்ணீர் இறங்கும். நான் சொல்வது போல்ட். 5 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் போல்ட், பெரிய வாஷர், 80 முதல் 100 மில்லிமீட்டருக்கு ஒன்று. ஃபைபரில் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போடு, விரிய இடம் வேண்டும். உடம்புக்கும் ஆர்ச்சுக்கும் நடுவில் ரப்பர் பீடிங். ரேஸில் ஓர் ஆர்ச் உடைந்தால் பத்து நிமிடத்தில் கழற்றி அடுத்ததை மாட்டலாம், மோல்டு நம்மிடம் இருக்கிறதே. போல்ட் தெரியுமே என்று வருந்தாதே. ரேஸ் காருக்கு அது இயல்பான முகம்.

ஒட்டித்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால், பாலியெஸ்டர் ரெசின் வேண்டாம், இரும்பில் அது சரியாகப் பிடிக்காது. இரும்பைப் பளபளக்கத் தேய்த்து எப்பாக்ஸி வை. சாதாரண மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எப்பாக்ஸியில் கரையாது, அதனால் இணைப்பின்மேல் நெய்த கண்ணாடித் துணிப் பட்டை போட வேண்டும். ஆனால் நான் அதைச் செய்து தரமாட்டேன்.

ரிம்மும் டயரும் வந்ததும் அளவு எடு. பத்து மில்லிமீட்டருக்கு ஒன்றாக, இடம் வலம் தனித்தனியாக எழுதிய தாள் எனக்கு வேண்டும். அதோடு அரைத் தண்டுகளின் விரிசல் சோதனை முடிவும். அவை வந்தபிறகு ஃபோம் வாங்குகிறேன். காரை வியாழன் தவிர எந்த நாளிலும் கொண்டுவா. டாங்கைக் கழற்றிவிட்டு டிரெய்லரில் ஏற்று. சித்தி உனக்குத் தனியாக ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறாள், கோயம்புத்தூரிலிருந்து வரும்போது மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் சித்தப்பா